டீ குடித்துவிட்டு வந்தால் சரியாகிவிடும் ஸ்டீயரிங்

பாவூர்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகும் ஆறு சக்கர லாரி அது. தென்காசி, செங்கோட்டை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. புளியரை தாண்டி மலை ஏறும்போது, ஏதோ ஒரு வளைவில் ஸ்டீயரிங் திடீரென்று கட்டையாகிவிடும், இரண்டு கையாலும் தொங்கி இழுத்தால்தான் திரும்பும், கூடவே எஞ்சின் பக்கமிருந்து ஒரு ஊளைச் சத்தம். டிரைவர் எப்படியோ ஓரங்கட்டி நிறுத்தி, டீ குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஒற்றை விரலில் திரும்பும்.

"பம்பு மாத்தியாச்சு அண்ணாச்சி, பாக்ஸையும் எறக்கி சீல் மாத்தியாச்சு. இன்னும் அதே கததான்" என்றான் டிரைவர், என் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்திவிட்டு.

நான் ஒன்றுதான் கேட்டேன். "டீ குடிக்கப் போகும்போது எஞ்சின ஆஃப் பண்ணுவியா, ஓடவிட்டுட்டுப் போவியா?"

"ஆஃப் பண்ணிருவேன்."

அந்த ஒரு பதிலிலேயே பாதி வழி தெரிந்துவிட்டது. எப்படி என்று புரிய, பவர் ஸ்டீயரிங் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

லோடு ஏற்றிய லாரியில் முன் சக்கரங்களைத் தாங்கும் முன் ஆக்சில் மேல் பல டன் கனம் இருக்கும். அவ்வளவு கனத்தைத் தாங்கித் தரையோடு அழுந்தி நிற்கும் டயர்களைக் கையால் ஒடிப்பது லேசான வேலை இல்லை. இதற்கு எண்ணெய் அழுத்தத்தை உதவிக்கு அழைத்தவர் பிரான்சிஸ் டேவிஸ் என்கிற அமெரிக்க எஞ்சினியர். லாரி தயாரிக்கிற பிரிவில் வேலை பார்த்தவர் என்பதால் டிரைவர்கள் படும் பாடு அவருக்குத் தெரிந்திருக்கும். 1926லேயே ஓட்டிக் காட்டிவிட்டார், ஆனால் விற்பனைக்கு வந்த காரில் அது ஏற 1951 ஆயிற்று.

எஞ்சின் சுழற்றும் ஒரு பம்பு டேங்கிலிருந்து எண்ணெயை உறிஞ்சி ஸ்டீயரிங் பாக்ஸுக்கு அனுப்புகிறது. அந்தப் பாக்ஸுக்குள் டயரைத் திருப்ப உதவும் ஒரு பிஸ்டன் இருக்கிறது. விட்டம் 100 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதன் முகம் சுமார் 78 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் எண்ணெய் 100 கிலோ அழுத்தத்தில் தள்ளினால் மொத்தம் கிட்டத்தட்ட 7,800 கிலோ. இந்த எட்டு டன் தள்ளுதல்தான் நம் ஒற்றை விரலுக்குப் பின்னால் நிற்கிறது.

எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று அந்த எண்ணெய்க்கு எப்படித் தெரியும்? எனக்கு இந்த இடம் எத்தனை முறை பிரித்துப் பார்த்தாலும் அலுக்காது. ஸ்டீயரிங் தண்டுக்கு உள்ளே விரல் பருமனுக்கு ஒரு உருக்குக் கம்பி இருக்கும், டார்ஷன் பார் என்பார்கள். நாம் ஒடிக்கும்போது டயர் உடனே திரும்பாமல் முரண்டு பிடிக்கிறது, அதனால் அந்தக் கம்பி சில டிகிரி முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கில் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இரண்டு வால்வு உருளைகள் லேசாக விலகி, ஒரு பக்கத்து மடை திறந்து மறுபக்கத்து மடை மூடுகிறது. கையை எடுத்தால் கம்பி நேராகிவிடும், இரண்டு மடையும் சமமாகிவிடும், எண்ணெய் யாரையும் தள்ளாமல் சும்மா சுற்றிவிட்டு டேங்குக்கே போய்ச் சேரும். நேர் ரோட்டில் பம்புக்கு வேலையே இல்லை என்று சொல்லலாம். அதனால் தென்காசி தாண்டும்போதே குறை தொடங்கியிருந்தாலும் மலையில் ஒடிக்கிறபோதுதான் அது கைக்குத் தெரியும். டிரைவர் சொல்கிற இடம் குறை வெளிப்பட்ட இடம், அது தொடங்கிய இடமாக இருக்க வேண்டியதில்லை.

சரி, விட்டு விட்டு வரும் குறைக்கு வருவோம். நிரந்தரமாகக் கெட்டுப்போன சாமானைக் கண்டுபிடிப்பது சுலபம். கொஞ்ச நேரம் கெட்டு கொஞ்ச நேரம் நல்லா இருக்கிற சாமானை ஒர்க்‌ஷாப்பில் நிறுத்திவைத்துப் பார்த்தால் நல்லாத்தான் இருக்கும். அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் எப்போது இறுகுகிறது, எப்போது இளகுகிறது என்று டிரைவரிடம் பொறுமையாகக் கேட்க வேண்டும், நிறையப் பேர் இதைச் செய்யாமல் நேராகப் பம்பைக் கழற்றிவிடுகிறார்கள்.

ஒரு பக்கம் ஒடிக்கும்போது மட்டும் கனமாக இருந்தால் பம்பைத் தொடவே வேண்டாம், இரண்டு பக்கத்துக்கும் பம்பு ஒன்றுதான், கோளாறு பாக்ஸுக்குள். ஸ்டீயரிங் ஒரு சுற்று சுற்றும்போது குறிப்பிட்ட இடத்தில் மட்டும் இறுகி அப்புறம் இளகினால் தண்டில் இருக்கும் யுனிவர்சல் ஜாயின்ட், அதாவது தண்டு மடங்கித் திரும்பும் இணைப்பு, துருப்பிடித்து மாட்டுகிறது, இதற்கும் எண்ணெய்க்கும் சம்பந்தம் இல்லை. வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பவில்லை என்றால் முன் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின் கிரீஸ் இல்லாமல் காய்ந்திருக்கலாம். சின்ன வண்டிகளில் பம்பு பெல்ட்டில் ஓடும், குற்றால சாரல் காலத்தில் நனைந்த தளர்ந்த பெல்ட் வழுக்கிக் கீச்சென்று கத்தும். பெரிய லாரிகளில் பெரும்பாலும் கியரில் ஓடுவதால் அந்தக் கவலை இல்லை.

சூடானால் மட்டும், அதுவும் ரேஸ் கொடுக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும் ஐடிலில் கனமாகி, கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் இளகினால் அது வேறு கதை. இந்த எண்ணெய் 40 டிகிரியில் இருக்கும் கெட்டித்தன்மையில் 100 டிகிரிக்குப் போகும்போது ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். தேய்ந்த பம்புக்குள் குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக நின்று அழுத்தம் கொடுக்கும், சூடானதும் தண்ணீராகி இடுக்கு வழியாக உள்ளேயே நழுவிவிடும். வேகமாகச் சுற்றினால் நழுவுவது போக மிச்சம் பாக்ஸுக்குப் போய்ச் சேரும். பம்புக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு வால்வில் தூசி மாட்டினாலும் இப்படி விட்டு விட்டு வரும், ஆனால் அதற்குச் சூடும் குளிர்ச்சியும் கணக்கில்லை, எப்போது வேண்டுமானாலும் மாட்டும்.

நம் லாரியில் ஊளைச் சத்தம் இருந்தது, ரேஸ் கொடுத்தாலும் கனம் குறையவில்லை, எஞ்சினை நிறுத்தினால் சரியாகிறது. இந்த மூன்றும் சேர்ந்து ஒரே இடத்தைக் காட்டுகின்றன: டேங்கிலிருந்து பம்புக்கு வரும் உறிஞ்சு ஹோஸ்.

கிணற்று மோட்டார் வைத்திருக்கும் நம்மூர் விவசாயிக்கு இதைச் சொல்லவே வேண்டாம். உறிஞ்சு குழாய் ஜாயின்ட்டில் ஊசி முனை ஓட்டை இருந்தால் போதும், தண்ணீர் வராது, இல்லையென்றால் காறிக் காறி விட்டு விட்டு வரும். அந்த ஓட்டையிலிருந்து ஒரு சொட்டு வெளியே ஒழுகாது, ஏனென்றால் குழாய்க்கு உள்ளே அழுத்தம் வெளிக்காற்றை விடக் குறைவு, தண்ணீர் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகிறது. லாரியிலும் அதேதான். பம்புக்கு அந்தப் பக்கம் 130 முதல் 180 பார் (1 பார் என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ) வரை அழுத்தம் தாங்கும் ஹோஸ், அதில் லேசாக ஒழுகினாலும் பதறிவிடுகிறோம். இந்தப் பக்கம் எண்ணெயைப் பம்புக்குள் தள்ளிவிட இருப்பது வெறும் காற்றுமண்டல அழுத்தம், மிஞ்சினால் 1 பார். அதில் ஒரு சின்ன அடைப்பு, ஒரு தளர்ந்த கிளிப் வந்தாலும் பம்பு பட்டினி கிடக்கும். பட்டினியில் எண்ணெய்க்குள் குமிழிகள் உண்டாகி, அழுத்தப் பக்கம் போனதும் நொறுங்கி உடைகின்றன, ஊளைச் சத்தம் அதனால்தான். காற்று சுருங்கும், எண்ணெய் சுருங்காது, அதனால் காற்று கலந்த எண்ணெயால் பிஸ்டனைத் திடமாகத் தள்ள முடியாது.

டேங்க் மூடியைத் திறந்து பார்த்தாலே பாதி தெரியும். எண்ணெய் தெளிந்த சிவப்பாக இல்லாமல் பால் கலந்த மாதிரி வெளிறி நுரைத்திருந்தால் காற்று போகிறது. சந்தேகப்பட்ட ஜாயின்ட்டில் கிரீஸை அப்பிவிட்டு ஓடவிடுங்கள், சத்தம் அடங்கினால் ஓட்டை அங்கேதான். இந்த லாரியில் நுரை இல்லை. அப்படியென்றால் காற்று நுழையவில்லை, வழி அடைபடுகிறது.

பம்புக்கும் பாக்ஸுக்கும் நடுவில் அழுத்தம் காட்டும் கேஜும் அதோடு ஒரு மூடும் வால்வும் மாட்டினோம். வால்வை மூடினால் பம்பின் முழு அழுத்தமும் கேஜில் காட்டும், 5 விநாடிக்கு மேல் மூடி வைக்கக் கூடாது, பம்பு வெந்துவிடும். குளிர்ந்த எஞ்சினில் முள் போய் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. அவசரப்பட்டிருந்தால் வண்டியை அப்படியே அனுப்பியிருப்போம். லோடோடு நிறுத்தி, இந்த ஓரம் அந்த ஓரம் ஒடித்து ஒடித்து எண்ணெயைச் சூடாக்கினோம். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும், ஊளை ஆரம்பித்தது, முள் நடுங்கிக்கொண்டே கீழே இறங்கியது. எஞ்சினை நிறுத்தி இரண்டு நிமிஷம் கழித்து ஸ்டார்ட் செய்தால் பழையபடி மேலே!

உறிஞ்சு ஹோஸைக் கழற்றினேன். வெளியே ஒரு கீறல் இல்லை. பிளேடால் நீளவாக்கில் கிழித்துப் பிரித்தபோது உள்ளே ரப்பர் ஊறி, உப்பி, நடுவில் ஓர் அங்குல நீளத்துக்குத் தோல் உரிந்து உள்நாக்கு மாதிரி தொங்கியது. விரலால் தூக்கினால் வழியை அப்படியே மூடியது. குளிர்ந்திருக்கும்போது விறைப்பாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சூட்டில் இளகியதும் உறிஞ்சும் இழுப்பில் எழுந்து பாதையை அடைக்கிறது. எஞ்சின் நின்றால் இழுப்பு இல்லை, நாக்கு விழுந்துவிடுகிறது. டீக்கடைதான் வண்டியை ரிப்பேர் செய்துகொண்டிருந்தது என்று டிரைவர் நினைத்ததில் தப்பே இல்லை.

அது ரேடியேட்டர் ஹோஸ். முன்னால் எப்போதோ பழைய ஹோஸ் போனபோது அளவு சரியாக இருக்கிறதென்று யாரோ வெட்டி மாட்டியிருக்கிறார்கள். ரேடியேட்டருக்குப் போடும் ரப்பர் வகை சுடுதண்ணீரை வருஷக்கணக்கில் தாங்கும், எண்ணெய் பட்டால் குடித்துக் குடித்து ஊதிவிடும். எண்ணெய்க்கென்று நைட்ரைல் ரப்பரில் செய்த ஹோஸ் தனியாக இருக்கிறது. கையில் இரண்டையும் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, அதனால்தான் ஹோஸ் மேல் அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டு வாங்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

மலையில் இப்படி இறுகினால் என்ன செய்வது என்று டிரைவர்கள் கேட்பார்கள். ஸ்டீயரிங்குக்கும் டயருக்கும் இரும்புத் தொடர்பு அறுந்துவிடவில்லை, உதவி மட்டும்தான் போயிருக்கிறது, முழு பலத்தோடு ஒடித்தால் திரும்பும். வேகத்தைக் குறைத்து, கியரிலேயே வைத்து, இடம் பார்த்து ஓரங்கட்டுங்கள். நிற்கும் வரை எஞ்சினை மட்டும் அணைக்காதீர்கள். இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும், ஸ்டீயரிங் உதவியும் போய், பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரசரும் நின்றுபோகும்.

புது ஹோஸ் மாட்டி, டேங்க் ஃபில்டரையும் மாற்றி, முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை ஓடவிடாமலே ஸ்டீயரிங்கை ஓரத்துக்கு ஓரம் மெதுவாக ஒடித்துக்கொண்டே இருந்தான் டிரைவர். நான் டேங்கைப் பார்த்து எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். முதலில் குமிழி கொத்தாக வந்தது, அப்புறம் ஒன்றிரண்டாக, பதினைந்து இருபது தடவை ஒடித்ததும் நின்றுவிட்டது. எஞ்சினை ஸ்டார்ட் செய்து இன்னும் சில தடவை ஒடித்த பிறகு எண்ணெய் அடி தெரிகிற சிவப்பாகத் தெளிந்தது. மறுநாள் மத்தியானம் ஆரியங்காவிலிருந்து போன் வந்தது. "எங்கயும் நிக்காம ஏறிட்டேன் அண்ணாச்சி, இப்பதான் டீ குடிக்கேன்."