ஒரு ஃபங்ஷனுக்காக முழு லைப்ரரியையும் ஓட்டாதீர்கள்

மறுபடியும் அதே புகார். சின்ன கமாண்ட் லைன் கருவி. ஹெல்ப் கேட்டாலே சில விநாடி திரையில் ஒன்றும் வருவதில்லை. சர்வர் மெதுவு, டிஸ்க் மெதுவு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எது ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் பைத்தானின் இம்போர்ட்டைம் ஆப்ஷனைப் போட்டு ஓட்டினால், வரைபட லைப்ரரியான மேட்பிளாட்லிப் முழுசாக ஏறிக்கொண்டிருக்கிறது. என்றைக்கோ ஒருநாள் வரைபடம் போடும் ஒரே ஒரு ஃபங்ஷனுக்காக!

"நாங்க முழுசா இம்போர்ட் பண்ணலையே, ஃப்ரம் போட்டு ஒண்ணைத்தானே எடுக்கிறோம்" என்கிறார்கள். தயவுசெய்து இந்த நம்பிக்கையை விட்டுவிடுங்கள். 'ஃப்ரம் பாண்டாஸ் இம்போர்ட் டேட்டாஃபிரேம்' என்று எழுதினாலும், பாண்டாஸ் என்ற டேட்டா லைப்ரரியின் தொடக்க ஃபைலான இனிட் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஓடும். அது இழுக்கும் நம்பை என்ற எண் கணக்கு லைப்ரரியும் ஓடும். எல்லாம் ஓடி முடிந்த பிறகுதான் அந்த ஒரு பெயர் உங்கள் கைக்கு வரும். லைப்ரரிக்கு உள்ளே இருக்கும் மாட்யூலை (தனி கோட் ஃபைலை) நேராகக் குறிப்பிட்டாலும் தாய்ப் பேக்கேஜின் இனிட் ஓடித்தான் தீரும். ஏற்கெனவே கம்பைல் செய்து வைத்த பிஒய்சி ஃபைல் இருக்கிறதே என்றால், அது கம்பைல் நேரத்தை மட்டுமே மிச்சம் பிடிக்கும். இரண்டாவது இம்போர்ட் வேகமாக நடப்பது அதே புராசஸுக்குள் (நிரலின் அதே ஓட்டத்துக்குள்) மட்டும்தான். கமாண்ட் லைன் கருவிக்கு ஒவ்வொரு முறையும் முதல் முறைதான்.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். இம்போர்ட்டைம் ஒவ்வொரு வரியிலும் இரண்டு எண்களை மைக்ரோ விநாடியில் தரும்: மாட்யூல் தானே எடுத்த நேரம், அது இழுத்தவற்றையும் சேர்த்த நேரம். கீழிருந்து மேலாகப் படியுங்கள். இழுத்தது கீழே இருக்கும், இழுபட்டது மேலே. கனமான இம்போர்ட்டை அது தேவைப்படும் ஃபங்ஷனுக்குள் தள்ளுங்கள். டைப் ஹிண்ட்டுக்கு (மதிப்பின் வகையைச் சொல்லும் குறிப்புக்கு) மட்டும் வேண்டியது, நிரல் ஓடும்போது நுழையாத 'டைப் செக்கிங்' இஃபுக்குள் போகட்டும். சப்மாட்யூல்களைக் கேட்கும்போது மட்டும் ஏற்ற, மாட்யூல் அளவிலான கெட்ஆட்டர் (__getattr__) ஃபங்ஷன் பைத்தான் 3.7 முதலே இருக்கிறது. ஆனால் இப்படித் தள்ளிப்போட்டால் இம்போர்ட் பிழையும் தள்ளிப்போகும். எல்லா மாட்யூலையும் ஏற்றிப் பார்க்கும் டெஸ்ட் ஒன்று கட்டாயம் வேண்டும்.

அடுத்தது, லைப்ரரி எழுதுகிறவர்களுக்கு: ஒரே வேலைக்கு இரண்டு பெயரில் ஃபங்ஷன் இருப்பது. 2024இல் வந்த நம்பை 2.0, புராடக்ட், சம்ட்ரூ, ஆல்ட்ரூ போன்றவற்றை நீக்கியது. புராட், எனி, ஆல் ஏற்கெனவே அதே வேலையைச் செய்துகொண்டிருந்தன. பெயரை நீக்கினால் மட்டும் இம்போர்ட் வேகமாகிவிடாது. அந்தப் பழைய ஃபங்ஷனுக்காகவே மேலே கிடக்கும் இம்போர்ட் வரியையும் சேர்த்து எடுத்தால்தான் பலன். ஒரே இரவில் எடுத்துவிடாதீர்கள். நம்பையும் முந்தைய 1.25 பதிப்பிலேயே எச்சரித்துவிட்டுத்தான் எடுத்தது. பயன்படுத்துகிறவர்களே, 'இது நீக்கப்படப்போகிறது' என்னும் டெப்ரிகேஷன் வார்னிங்கை அடக்கி வைக்காதீர்கள். டெஸ்ட் ஓட்டும் பைடெஸ்ட் கருவி காட்டும்போதே சரிசெய்துவிடுங்கள்.

கடைசியாக, சிஐயில் (கோட் மாறும்போதெல்லாம் டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் ஏற்பாட்டில்) இம்போர்ட் நேரத்துக்கு வரம்பு வைத்தால் மெஷினுக்கு மெஷின் மாறி, சும்மா சும்மா ஃபெயில் ஆகும். அதற்குப் பதில் புது புராசஸில் உங்கள் லைப்ரரியை மட்டும் இம்போர்ட் செய்து, ஏறிய மாட்யூல்களின் பட்டியலான சிஸ் மாட்யூல்ஸில் மேட்பிளாட்லிப் இருந்தால் ஃபெயில் ஆகும்படி டெஸ்ட் எழுதுங்கள்.