எஃபெக்ட்டை அணைத்துவிட்டுக் கேளுங்கள்

பழைய பாணி சாஃப்ட்வேர் சிந்தசைசரை (கணினியில் மின்னொலிகளை உருவாக்கும் கருவி) கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் முன்பே செய்து வைத்த ஒலிகளில் (பிரீசெட்) பிடித்த ஒன்றைப் போட்டுக்காட்டி, "இதை எப்படிச் செய்வது?" என்று கேட்பார்கள். நான் முதலில் ரிவெர்ப், டிலே, கோரஸ் என்று ஒலியின்மேல் பூசும் எஃபெக்ட்கள் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்வேன். பல நேரம் அடியில் இருப்பது ஒரு சா வேவும் (ரம்பப்பல் வடிவ அலை), மேல் அதிர்வெண்களை வெட்டும் பாதி மூடிய ஃபில்டரும்தான்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. 1984இல் வந்த ரோலண்ட் ஜூனோ-106 சிந்தசைசரில் ஒலிக்கும் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரே ஆசிலேட்டர்தான் (மூல அலையை உண்டாக்கும் பகுதி); அதன் அகன்ற ஒலியில் பெரும்பங்கு உள்ளேயே இருந்த கோரஸுக்கு உரியது. ஆனால் புதிதாகக் கற்கும் காதுக்கு எது ஆசிலேட்டர், எது எஃபெக்ட் என்று பிரியாது. நூற்றுக்கணக்கான பிரீசெட்களைப் புரட்டியும் சொந்தமாக ஒரு பாஸ் (கீழ்ஸ்தாயி ஒலி) செய்ய வராததற்கு இதுவே காரணம்.

தொடங்க மினிமூக் சிந்தசைசரைப் பின்பற்றும் சாஃப்ட்வேர் வகைதான் நல்லது என்பேன். 1970இல் வந்த அந்தக் கருவியின் பேனலே ஒரு பாடம்: ஆசிலேட்டர், மிக்சர், ஃபில்டர், என்வலப் (ஒலி நேரத்தோடு எப்படி மாறும் என்பதை அமைப்பது) என்று ஒலி போகும் வழியிலேயே இடமிருந்து வலமாகக் குமிழ்கள் இருக்கும். செய்த ஒலியைச் சேமிக்கும் வசதி அதில் இல்லை; ஒவ்வொரு முறையும் கையால்தான் அமைக்க வேண்டும். சாஃப்ட்வேரில் அந்தக் கட்டாயம் இல்லை, அதனால் நாமே வலிந்து எதுவும் அமைக்காத வெற்று ஒலியமைப்பான 'இனிட்' பேட்சிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு ஆசிலேட்டர்களைச் சுருதியில் லேசாகப் பிசகவைத்தால் ஒலி தடிமனாகும் என்பது தெரிந்ததே. 220 ஹெர்ட்ஸும் 221 ஹெர்ட்ஸும் சேர்ந்தால் நொடிக்கு ஒரு அலைவு கேட்கும். பிசகை சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் வைத்தால் ஒரு ஆக்டேவ் மேலே போகும்போது அந்த அலைவு இரட்டிப்பாகிவிடும். கீழே கம்பீரமாக இருந்தது மேலே நடுங்குவது இதனால்தான். ஒரே கீயை மட்டும் தட்டிக்கொண்டு டியூன் செய்யாதீர்கள்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது ஃபில்டர் என்வலப்புக்கு. கட்ஆஃபை (ஃபில்டர் வெட்டத் தொடங்கும் இடம்) நன்றாக இறக்கி, என்வலப் அளவை ஏற்றி, அட்டாக் (எழும் நேரம்), சஸ்டெய்ன் (கீயைப் பிடித்திருக்கும்போது நிற்கும் அளவு) இரண்டையும் பூஜ்யமாக்கி, டிகேயை (தணியும் நேரம்) கால் நொடி அளவில் வையுங்கள்: சுண்டிய பாஸ். அப்புறம் சஸ்டெய்னை ஏற்றி, அட்டாக்கைக் கொஞ்சம் மெதுவாக்கினால் பித்தளைக் குழல் ஊதுவதுபோல் திறக்கும். "என்வலப் வேலையே செய்யவில்லை" என்று பலர் சொல்வார்கள். பார்த்தால் கட்ஆஃப் ஏற்கெனவே முழுக்கத் திறந்திருக்கும். மேலே போக இடமே இல்லை.

சரி, இனி காதைப் பற்றி. மினிமூக் வகை ஃபில்டரில் ரெசனன்ஸை (கட்ஆஃபை ஒட்டிய அதிர்வெண்களைத் தூக்கிக்காட்டும் குமிழ்) ஏற்றினால் கீழ்ச்சத்தம் மெலியும். உடனே கை வால்யூமுக்குப் போகும். இன்னும் ஏற்றினால் ஃபில்டர் தானே விசிலடிக்கத் தொடங்கும். ஹெட்ஃபோனில் அது காதைக் கிழிக்கும். மாஸ்டர் சேனலில், சத்தம் ஒரு அளவைத் தாண்டாமல் தடுக்கும் ஒரு லிமிட்டரைப் போட்டுவிட்டே குமிழைத் தொடுங்கள். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவனமான நியாஷ் (NIOSH) வேலையிடத்துக்குப் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அதாவது 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். ஒலி வடிவமைப்பில் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. வேலை முடிந்தும் காதில் ரீங்காரம் நிற்கவில்லை என்றால் அன்றைக்கு அத்தோடு விடுங்கள்; அடிக்கடி வந்தால் காது மருத்துவரைப் பாருங்கள்.

சத்தம் கூடினாலே ஒலி நன்றாக இருப்பதாகத் தோன்றும் என்பது இன்னொரு தொல்லை. இரண்டு பேட்ச்களை ஒப்பிடும்போது அளவைச் சமமாக்கிவிட்டுக் கேட்டால், பிரமாதம் என்று நினைத்தவற்றில் பாதி சாதாரணமாகிவிடும்.

எஃபெக்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசியில் தாராளமாகப் போடுங்கள். ஆனால் எஃபெக்ட் இல்லாத வடிவத்தைத் தனியே சேமித்துவிட்டுப் போடுங்கள். பெயரும் 'புது பாஸ் 2' என்று வேண்டாம், 'இரண்டு சா, சின்ன டிகே' என்று வையுங்கள். ஆறு மாதம் கழித்துத் தேடும்போது அதுதான் கைக்குக் கிடைக்கும்.