‘இன்னைக்காவது’ என்ற ஒரு சொல்

தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. பிரியம் வற்றிப்போய் வருகிறவர்களைவிட, இருக்கிற பிரியத்தைச் சொல்லத் தெரியாமல் என்னிடம் வருகிறவர்கள்தான் அதிகம்.

ஒரு வீட்டில் நடந்தது இது, அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். இரவு ஒன்பதுக்கு மேல்தான் வீடு திரும்பும் கணவர், ஒரு நாள் ஆறு மணிக்கே மல்லிகைப்பூவோடு வந்து நின்றிருக்கிறார். மனைவிக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம், ஆனால் வாயில் வந்தது, “இன்னைக்காவது வீட்டு ஞாபகம் வந்துச்சே!” அவர் பூவை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனவர்தான், இரண்டு நாள் பேச்சே இல்லை. “நான் சந்தோஷத்துலதான் மேடம் சொன்னேன்” என்று அந்தப் பெண் அழுதார். அது உண்மைதான்.

ஆனால் அந்த ‘ஆவது’ இன்று வந்ததைப் பாராட்டவில்லை, வராத நாட்களை எல்லாம் எண்ணிக் காட்டிவிட்டது. தமிழில் இந்த மாதிரிச் சின்ன ஒட்டுகள் செய்கிற வேலை கொஞ்சநஞ்சம் இல்லை. “சாம்பார் நல்லாத்தான் இருக்கு” என்றால் சமைத்தவர் காது அடுத்து வரப்போகும் ‘ஆனா’வுக்குக் காத்திருக்கும். அதே ‘தான்’, “உன்னைத்தான் தேடிட்டு இருந்தேன்” என்று வரும்போது மனசு நிறைந்துவிடுகிறது.

அமெரிக்காவில் காரெர், காட்மன் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் 124 புதுமணத் தம்பதிகளை, அவர்களுக்குள் உரசல் இருக்கும் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசவைத்துக் கவனித்தார்கள். முதல் மூன்று நிமிடப் பேச்சை வைத்தே, அடுத்த ஆறு ஆண்டுகளில் யார் பிரியக்கூடும் என்று கணிக்க முடிந்தது. பேச்சை எப்படித் தொடங்குகிறோம் என்பது அவ்வளவு முக்கியம்.

அதற்காகக் குறையை விழுங்கச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் குறை நியாயமானது, “ராத்திரி தனியாச் சாப்பிடக் கஷ்டமா இருக்கு” என்று அதை வேறொரு நாள் சொல்லலாம். அடி, மிரட்டல் இருக்கும் வீட்டுக்கு இது எதுவும் பொருந்தாது. அங்கே முதலில் பாதுகாப்பு, பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

சரி, அந்த இருவருக்கும் ஒரு வாரத்துக்கு வேலை கொடுத்தேன். மனைவி ‘ஆவது’ இல்லாமல் பேச வேண்டும், கணவர் ‘லேட் ஆகும்’ என்று மட்டும் அனுப்பாமல் எத்தனை மணிக்கு வருவார் என்றும் சொல்ல வேண்டும். மறுவாரம் அவரே பேச்சை ஆரம்பித்தார்: “புதன்கிழமை எட்டு மணிக்குப் போனேன் மேடம். ‘வந்துட்டீங்களா’ன்னு மட்டும் கேட்டா. தோசை ஊத்தினா, சேர்ந்து சாப்பிட்டோம்.”