செல்ஃப் செக்கவுட்டில் இபிடி கார்டு: எந்தப் பட்டனை அழுத்துவது, மெஷின் ஏன் மறுக்கிறது

அமெரிக்காவில் ஸ்னாப் என்ற அரசு உணவு உதவிப் பணம் ஏறும் கார்டுதான் இபிடி. கடையில் நாமே ஸ்கேன் செய்து பணம் கட்டும் செல்ஃப் செக்கவுட்டில் அதை உரசியதும் மெஷின் ‘டெபிட்டா, கிரெடிட்டா, இபிடியா’ என்று கேட்கும். அங்கே பழக்க தோஷத்தில் டெபிட்டை அழுத்திவிட்டால் கார்டு செல்லாது என்று வந்துவிடும். கார்டில் பணம் இருந்தும் வெறுங்கையோடு திரும்புகிறவர்களில் பலர் தவறுவது இந்த ஒரு இடத்தில்தான். அழுத்த வேண்டியது ‘இபிடி ஃபுட்’ அல்லது ‘இபிடி ஸ்னாப்’. சில கடைகளில் இது பெரிய திரையிலேயே இருக்கும். வேறு சில கடைகளில் திரையில் ‘கார்டு’ என்று பொதுவாகத் தொட்ட பிறகு, கீழே உள்ள சின்ன ரீடரில் கேட்கும். பக்கத்திலேயே ‘இபிடி கேஷ்’ என்று இன்னொன்றும் இருக்கும். அரசின் ரொக்க உதவியும் பெறுகிறவர்களுக்கு அதே கார்டில் உள்ள இரண்டாவது கணக்கு அது. உணவுக்கு வந்த பணம் அதில் இருக்காது.

சரி, முதலில் திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மாதாமாதம் உணவுக்கென்று அரசு தரும் உதவிதான் ஸ்னாப். 2008 வரை இதன் பெயர் ஃபுட் ஸ்டாம்ப். இன்றும் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். பணம் மத்திய வேளாண் துறையுடையது. விண்ணப்பம் வாங்குவதும் கார்டு தருவதும் மாநிலத்தின் வேலை. நம் ஊர் ரேஷன் போல இதற்கென்று தனிக் கடை கிடையாது; அனுமதி பெற்ற எந்த மளிகைக் கடையிலும் வாங்கலாம். ஒரு காலத்தில் கிழித்துத் தரும் காகிதக் கூப்பனாக இருந்தது, 2004க்குள் எல்லா மாநிலங்களிலும் கார்டாக மாறியது. 2025 அக்டோபர் முதல் 2026 செப்டம்பர் வரை, அலாஸ்கா, ஹவாய் போன்ற இடங்கள் தவிர மற்ற மாநிலங்களில், ஒருவருக்கு மாதம் அதிகபட்சம் 298 டாலர், நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 994 டாலர். வருமானத்தைப் பொறுத்து இது குறையும்.

கூப்பன் காலத்தில் கேஷியர் முன்னால் நின்று அதை எண்ணிக் கொடுக்க வேண்டும், பின்னால் நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கூச்சம் கார்டு வந்த பிறகும் பலரிடம் போகவில்லை. எங்கள் அடுக்ககத்தில் ஓர் அம்மா இருக்கிறார், எழுபது வயதைத் தாண்டியவர், குடியுரிமை பெற்று சில ஆண்டுகள் ஆகின்றன. கார்டு வந்த முதல் மாதம் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். கேஷியர் வரிசை ஒன்றே ஒன்றுதான் திறந்திருந்தது, அதிலும் நீளமான கூட்டம். பக்கத்தில் செல்ஃப் செக்கவுட் மெஷின்கள் காலியாக நின்றன. “வேண்டாம் தம்பி, நம்ம கார்டுக்கெல்லாம் அது ஆகாது” என்று என் கையைப் பிடித்து இழுத்தார். பிறகு ஒருவழியாக உள்ளே வந்தார்.

அவர் நினைத்தது சரியில்லை. வால்மார்ட், டார்கெட், க்ரோகர் போன்ற பெரிய கடைகளின் செல்ஃப் செக்கவுட் மெஷின்கள் இந்தக் கார்டை எடுக்கின்றன. அதோடு, மத்திய அரசின் விதி ஒன்றை ஒவ்வொரு பயனாளியும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஸ்னாப்பில் வாங்குகிறவரை மற்ற வாடிக்கையாளரைப் போலவே நடத்த வேண்டும். அதே விலை, அதே நிபந்தனை. ஸ்னாப் கார்டுக்காரர்கள் மட்டும் இந்த வரிசையில்தான் நிற்க வேண்டும் என்று கடை ஒதுக்கி வைக்கக் கூடாது.

அன்று அந்த அம்மா பதறிய இடம் வேறு. அரிசி, பருப்பு, பால், வாழைப்பழம், அப்புறம் ஒரு சோப்பு, ஒரு கட்டு டிஷ்யூ பேப்பர், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தோம். வாழைப்பழத்தில் பார்கோடு இல்லை. அதில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரில் உள்ள 4011 என்ற எண்ணைத் தட்டினால் மெஷினே எடை போட்டுக்கொள்ளும். இபிடி ஃபுட் அழுத்தி, நான்கு இலக்க பின் நம்பரைப் போட்டார். ஒரு நொடி கழித்துத் திரையில், இன்னும் 9 டாலர் 20 சென்ட் கட்ட வேண்டும் என்று வந்தது. “பார்த்தியா, எடுக்கலை” என்று பையை அப்படியே வைத்துவிட்டு நகரப் பார்த்தார்.

எடுத்திருந்தது. உணவுப் பொருள்களுக்கான 38 டாலர் 15 சென்ட்டை மெஷின் கார்டிலிருந்து கழித்துவிட்டது. திரையில் நின்ற தொகை சோப்புக்கும் டிஷ்யூவுக்கும் அவற்றின் வரிக்கும் உரியது. அதற்கு வேறு கார்டை உரசினார், அல்லது நோட்டுப் போடும் மெஷினாக இருந்தால் பணமாகவே போட்டிருக்கலாம். இப்படி மீதித் தொகை வருவது மெஷின் சரியாக வேலை செய்கிறது என்பதன் அடையாளம். உணவைத் தனியாக, சோப்பைத் தனியாக இரண்டு பில் போடத் தேவையில்லை. எது சேரும் எது சேராது என்ற குறிப்பு ஒவ்வொரு பார்கோடோடும் கடையின் கணினியில் பதிந்திருக்கிறது.

ஆனால் வரிசை முக்கியம். இபிடியை முதலில் கொடுங்கள், மற்ற கார்டோ பணமோ அப்புறம். மாற்றிச் செய்தால் உங்கள் சொந்தப் பணம் உணவுப் பொருள்களுக்கும் போய்விடக்கூடும். வரி விஷயமும் உண்டு. அலபாமா, டென்னசி போன்ற மாநிலங்களில் மளிகைச் சாமானுக்கும் விற்பனை வரி இருக்கிறது. ஸ்னாப் பணத்தில் வாங்கும் உணவுக்கு எந்த மாநிலமும் வரி போட முடியாது. இபிடி என்று தேர்ந்தெடுத்த பிறகுதான் மெஷின் அந்த வரியைக் கழிக்கும்.

கார்டில் உள்ள இருப்பு உணவு பில்லைவிடக் குறைவாக இருந்தால்தான் கொஞ்சம் சிக்கல். சில மெஷின்கள் இருப்பதை எடுத்துக்கொண்டு மீதியைக் கேட்கும். சில மெஷின்கள் தொகை போதாது என்று மொத்தமாகத் தள்ளிவிடும். அதனால் கடைக்குப் போகும் முன் இருப்பைப் பார்த்துவிடுங்கள். போன முறை வாங்கிய பில்லின் அடியில் அச்சாகியிருக்கும், கார்டின் பின்பக்கம் உள்ள இலவச எண்ணிலும் கேட்கலாம். மெஷின் தள்ளிவிட்டால் அங்கே நிற்கும் ஊழியரிடம் இருப்புத் தொகையைச் சொல்லி, அதை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். பின் நம்பரைத் தப்பாகத் திரும்பத் திரும்பப் போட்டால் கார்டு அன்றைக்குப் பூட்டிக்கொள்ளும்; சந்தேகம் இருந்தால் இரண்டு முறையோடு நிறுத்திவிடுங்கள்.

பொருள்கள் பற்றி. பச்சைக் காய்கறி, பழம், இறைச்சி, மீன், பால், தயிர், ரொட்டி, பருப்பு, மசாலா, காபி, டீ எல்லாம் சேரும். காய்கறி விதையும் நாற்றும்கூடச் சேரும், கத்தரி விதை வாங்கித் தொட்டியில் போடலாம். மது, சிகரெட், மருந்து, சோப்பு, பேப்பர், நாய்க்கும் பூனைக்குமான உணவு சேராது. விட்டமின் மாத்திரை சேராது. ஒரு பொருளில் சந்தேகம் வந்தால் டப்பாவின் பின்னால் பாருங்கள், ‘நியூட்ரிஷன் ஃபேக்ட்ஸ்’ என்றிருந்தால் உணவு, ‘சப்ளிமென்ட் ஃபேக்ட்ஸ்’ என்றிருந்தால் இல்லை. விற்கும்போது சூடாக இருக்கும் உணவும் சேராது. ஒரே கோழி, சூடான அலமாரியில் இருந்தால் மெஷின் மறுக்கும், ஆறவைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து விற்றால் ஏற்கும். இந்த விதி பசியோடு வேலை முடிந்து வருகிறவருக்கு நியாயமாக எனக்குப் படவில்லை, ஆனாலும் இன்றைய நிலை இதுதான். அனுமதி பெற்ற இந்தியக் கடைகளில் உறைந்த சமோசா சரி, கவுன்டரில் சூடாகத் தரும் சமோசா கிடையாது. கற்பூரம், ஊதுபத்தி கிடையாது. விளக்கேற்ற மட்டும் என்று எழுதியிருக்கும் எண்ணெயும் உணவில் சேராது.

2026 ஜனவரி 1 முதல் புது மாற்றம் ஒன்று. இண்டியானா, அயோவா, நெப்ராஸ்கா, யூட்டா, மேற்கு வர்ஜீனியா ஆகிய 5 மாநிலங்களில் சோடா போன்ற பானங்களை ஸ்னாப்பில் வாங்க முடியாது. அவற்றில் சிலவற்றில் மிட்டாய்க்கும் தடை. வேறு சில மாநிலங்களும் இதே போன்ற அனுமதி பெற்றிருக்கின்றன. நேற்று வரை எடுத்த பாட்டிலை இன்று மெஷின் மீதித் தொகையில் தள்ளினால், உங்கள் மாநிலத்தின் பட்டியலை ஒருமுறை பாருங்கள். வேண்டாம் என்றால் ஊழியரிடம் சொல்லி அந்த ஒரு பொருளை எடுத்துவிடலாம்.

பை பற்றியும் ஒரு வார்த்தை. பணம் கட்டும் முன் எத்தனை பை என்று மெஷின் கேட்கும். பைக் கட்டணத்தை ஸ்னாப்பில் கட்ட முடியாது. கலிஃபோர்னியா, நியூயார்க் மாநிலங்களில் ஸ்னாப் வாடிக்கையாளர்களுக்கு அந்தக் கட்டணத்திலிருந்தே விலக்கு உண்டு. கட்டணம் ஏறிவிட்டால் ஊழியரிடம் கேளுங்கள்.

இனி சொல்லப்போவதை அவசியம் படியுங்கள், ஏனென்றால் இதில் போன பணம் பலருக்குத் திரும்பவில்லை. பெரும்பாலான இபிடி கார்டுகளில் இன்னும் சிப் கிடையாது, பின்னால் கறுப்புப் பட்டை மட்டும்தான். திருடர்கள் கடை ரீடரின் மேல் அச்சு அசலாக ஒரு மூடியைப் பொருத்தி, கார்டு விவரத்தையும் பின் நம்பரையும் களவாடுகிறார்கள். ஆள் கவனிப்பு குறைவாக இருக்கும் செல்ஃப் செக்கவுட் ரீடர்கள் அவர்களுக்கு வசதி. மாதப் பணம் கணக்கில் ஏறிய நள்ளிரவில் அத்தனையும் காணாமல் போகும். இப்படித் திருடுபோன பணத்தை மத்திய அரசு ஈடுகட்டிய ஏற்பாடு 2024 டிசம்பர் 20ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கலிஃபோர்னியா தன் சொந்த நிதியிலிருந்து ஈடு தருகிறது, பெரும்பாலான மாநிலங்களில் போனது போனதுதான். கலிஃபோர்னியாவும் ஓக்லஹோமாவும் 2025இல் சிப் வைத்த கார்டு கொடுக்கத் தொடங்கின.

அதனால் உரசும் முன் ரீடரின் விளிம்பைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பாருங்கள். ஆடினாலோ, பக்கத்து மெஷினின் ரீடரைவிடத் தடிமனாகத் தெரிந்தாலோ ஊழியரைக் கூப்பிடுங்கள். பின் நம்பர் போடும்போது மறு கையால் விசைகளை மறையுங்கள். பணம் ஏறும் நாளுக்கு முந்தைய நாள் பின் நம்பரை மாற்றிவிடுவது நல்ல பாதுகாப்பு. பழைய எண்ணைத் திருடியவனுக்கு அது பயன்படாது. பல மாநிலங்களில் இபிடி எட்ஜ், கனெக்ட் இபிடி என்று செயலிகள் இருக்கின்றன. அவற்றில் கார்டைப் பூட்டி வைத்துவிட்டு, கடையில் நிற்கும்போது மட்டும் திறந்துகொள்ளலாம். அந்த அம்மாவின் போனில் அன்றே அதைப் போட்டுக் கொடுத்தேன். இப்போது வரிசையில் நின்றபடி அவரே திறக்கிறார்.

கைக்குழந்தை, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், பிரசவித்த தாய்மார்களுக்கான விக் என்ற உணவு உதவித் திட்டம் வேறு. அதில் பிராண்டு, அளவு வரை குறிப்பிட்டிருக்கும். பல கடைகளின் செல்ஃப் செக்கவுட் அதை எடுப்பதில்லை, கேட்டுவிட்டு நில்லுங்கள்.

ஸ்னாப்பில் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தால் பணம் அதே கார்டுக்குத்தான் வரும், கையில் தர மாட்டார்கள். பில்லை வைத்திருங்கள். அந்த மாதம் செலவாகாத பணம் அடுத்த மாதத்துக்கு நகரும். ஆனால் 274 நாள் வரை தொடாமல் விட்ட பணத்தை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும். கடைக்குப் போக முடியாத முதியவர்கள், தங்களுக்காக வாங்க ஒருவரை அதிகாரபூர்வமாக நியமிக்கலாம். மாநில அலுவலகத்தில் அதற்குப் படிவம் இருக்கிறது.

யாருக்குக் கிடைக்கும் என்று தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி கேட்கிறார்கள். எச்-1பி, எச்-4, எஃப்-1 விசாவில் இருப்பவர்களுக்குக் கிடையாது. கிரீன் கார்டு வாங்கிய பெரியவர்கள் பொதுவாக 5 ஆண்டு காத்திருக்க வேண்டும். இங்கே பிறந்த பிள்ளை குடிமகன் என்பதால், பெற்றோருக்குத் தகுதி இல்லாவிட்டாலும் வருமானம் குறைவாக இருந்தால் பிள்ளையின் பெயரில் விண்ணப்பிக்கலாம். 2025 ஜூலையில் வந்த சட்டத்துக்குப் பிறகு, அகதியாகவோ தஞ்சம் பெற்றோ இருக்கிறவர்கள் கிரீன் கார்டு கிடைக்கும் வரை பெற முடியாது. முன்பு அவர்களுக்குக் கிடைத்துவந்தது. அப்படி நின்றுபோனவர்கள் கிரீன் கார்டு கைக்கு வந்ததும் மறுபடி விண்ணப்பியுங்கள். அகதியாகவோ தஞ்சம் பெற்றோ வந்தவர்களுக்கு அந்த 5 ஆண்டுக் காத்திருப்பு கிடையாது.