நிறப்புரி: அது மரபணு அன்று

"மனிதருக்கு 23 இணை மரபணுக்கள் உண்டு" என்ற வாக்கியத்தை அண்மையில் மறுபடியும் கேட்டேன். டொரன்டோவில் வசிக்கும் என் பெரியப்பா மகன், குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பிப் பெற்ற டிஎன்ஏ முடிவைப் புரிந்துகொள்வதற்காகப் பார்த்த ஒரு தமிழ்க் காணொளியில் அது வந்தது. 23 இணையாக இருப்பவை, மரபணுக்களைத் தாங்கிய டிஎன்ஏ இழைகளான குரோமோசோம்கள்; மரபணுக்களோ, புரதத்துக்கான குறிப்பைத் தாங்கியவற்றை மட்டும் எண்ணினாலே ஏறத்தாழ 20,000.

குரோமோசோம் என்பது நிறம், உடல் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு. 1888இல் ஜெர்மானிய உடற்கூற்றியலார் வால்டையர் இட்ட பெயர். சாயம் ஏற்றியபோது நுண்ணோக்கியில் பளிச்சென்று தெரிந்ததால் வந்த நிறமே அது. தோலின் நிறத்தைக் குறித்ததன்று. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் குரோமோசோம், இலங்கையில் நிறமூர்த்தம். நான் எழுதுவது நிறப்புரி.

அண்ணனின் முடிவில், பாலினத்தைத் தீர்மானிக்கும் இணை நீங்கலாக, 22 இணை நிறப்புரிகளைக் கோடுகளாக வரைந்து, பூர்வீக வட்டாரத்துக்கு ஒன்றாக வண்ணம் தீட்டியிருந்தார்கள். ஆறாம் இணையில், தாய்வழி வந்த கோட்டின் நடுவே விரற்கடை அளவுக்கு மட்டும் ஆரஞ்சு. உடன்பிறந்த தங்கையின் படத்தில் அவ்விடத்தில் அந்த வண்ணமே இல்லை. காணொளியோ "ஆறாவது மரபணுவின் ஒரு துண்டு" என்று சொல்லிக் கடந்துவிடுகிறது. அணு என்றபின் அதில் நடுப்பகுதி ஏது, துண்டு ஏது? புரி என்று சொல்லிப் பாருங்கள்: தாய் தன் பெற்றோர் இருவரிடமும் பெற்ற இரண்டு புரிகள், கருமுட்டை உருவாகும் வேளையில் ஆங்காங்கே அறுந்து, பகுதிகளை மாற்றிக்கொண்டு, மீண்டும் ஒட்டி, புதியதொரு புரியாகப் பிள்ளைக்கு இறங்குகின்றன. தங்கைக்கு இறங்கிய புரியில் அந்த ஆரஞ்சுத் துண்டு சேரவில்லை, அவ்வளவுதான். முப்புரிநூல் என்றும் கயிற்றின் புரி என்றும் வழங்கும் மொழியில் இதைச் சொல்லத் தடுமாற வேண்டியதில்லை.

நிறமூர்த்தம் உடல் என்ற பொருளை நேரே பெயர்த்த ஆக்கம், பிழையில்லை. ஆயினும் இழையின் தன்மை அதில் தொலைந்துவிடுகிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு மூர்த்தம் என்றதும் கல்யாணப் பத்திரிகைதான் நினைவுக்கு வரும். குரோமோசோம் என்றே எழுதுபவர்களோடும் எனக்கு வழக்கில்லை. டிஎன்ஏ, ஜீன், குரோமோசோம் ஆகிய மூன்றையும் ஒரே மரபணுவில் அடைத்துவிட்டு, அதையே எளிமை என்று சொல்லும் மொழிபெயர்ப்பாளர்களோடுதான் வழக்கு.

அதே காணொளி, முடிவில் வட்டாரவாரியாக வரும் சதவீதக் கணக்குக்கு வம்சாவளி என்று பெயரிடுகிறது. யாருக்கு யார் பிறந்தார் என்ற வரிசை அல்லவா வம்சாவளி? எச்சில் சோதனையின் சதவீதம் அதைச் சொல்வதில்லை. நம் புரித்துண்டுகள் எந்த வட்டாரத்து மாதிரிகளை ஒத்திருக்கின்றன என்பதைக் கணித்துச் சொல்கிறது. பூர்வீகக் கணிப்பு என்பதே பொருந்தும். சென்ற மாதம் அந்த நிறுவனம் தன் ஒப்பீட்டு மாதிரிகளைக் கூட்டியதும், ஒரு வட்டாரத்துக்கு அண்ணன் பெற்றிருந்த 8 சதவீதம் 5 ஆகிவிட்டது. வம்சாவளி எப்படிக் குறையும் என்று அவர் இன்னமும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.