ஊசியால் இழையம் எடுப்பதற்கு முன்: அதிரீனல் லிம்போமாவைக் கண்டுபிடிப்பது எப்படி?

வெள்ளவத்தையில் அறுபத்தைந்து வயது ஐயா ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதமாக ஒரே களைப்பு. சாப்பாடு இறங்கவில்லை, பெல்ட்டில் புதிய ஓட்டை போட்டாயிற்று. இரவில் பெனியன் பிழிகிற அளவுக்கு வேர்க்கிறது. கொழும்பு வெக்கையில் வேர்வையை யார் பெரிதாக எடுப்பார்கள்? கடைசியில் சி.ரி. ஸ்கான் எடுத்தால், இரண்டு சிறுநீரகங்களுக்கும் மேலே பெரிய கட்டிகள்.

அங்கே இருப்பவை அதிரீனல் சுரப்பிகள், ஒவ்வொன்றும் 5 கிராம் அளவுதான். அவற்றில் நிணநீர் இழையம் இல்லையென்றே சொல்லலாம். அப்படியிருந்தும் எப்போதாவது லிம்போமா, அதாவது நிணநீர்க் கலங்களில் வரும் புற்றுநோய், அங்கேயே தொடங்கிவிடுகிறது. லிம்போமாக்களின் பெரும் பிரிவான ஹொட்ஜ்கின் அல்லாத லிம்போமாக்களில் இது 1 சதவீதத்துக்கும் குறைவு. பெரும்பாலும் பெரிய பி கலங்களால் (ஒரு வகை வெண்குருதிக் கலங்கள்) ஆனது, பெரும்பாலும் இரு பக்கமும் வரும்.

ஆனால் படத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்ல முடியாது. நுரையீரல் புற்றுநோய் பரவினாலும் இப்படித் தெரியலாம், காசநோயிலும் சுரப்பிகள் வீங்கலாம். தோமஸ் அடிசன் 1855இல் இந்தச் சுரப்பிகள் அழிவதால் வரும் நோயை விவரித்த காலத்தில் காசநோய்தான் அதற்கு முக்கிய காரணம். இலங்கையில் அந்தச் சந்தேகத்தை இன்றும் தள்ளி வைக்க முடியாது. கலங்கள் சர்க்கரையை உறிஞ்சும் அளவைக் காட்டும் பெட் ஸ்கானிலும் இவை எல்லாமே ஒளிரலாம்.

சரி, ஊசியால் இழையம் எடுத்துப் பார்த்தால் போயிற்று என்று தோன்றும். அவசரப்படக் கூடாது. கட்டி ஃபியோகுரோமோசைற்றோமாவாக (அட்ரினலின் வகை ஓமோன்களைச் சுரக்கும் கட்டி) இருந்தால், ஊசி பட்டதும் அட்ரினலின் வகை ஓமோன்கள் கொட்டி, இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக எகிறலாம். அதனால் இரத்தத்திலோ சிறுநீரிலோ, அந்த ஓமோன்கள் சிதைந்து உருவாகும் மெட்டாநெஃப்ரின் அளவை முதலில் பார்க்க வேண்டும். இதைத் தவற விடவே கூடாது என்பேன்.

அடுத்தது கோட்டிசோல், இந்தச் சுரப்பிகள் சுரக்கும் உயிர்காக்கும் ஓமோன். இரு சுரப்பிகளும் பெருமளவு அழிந்தால் அது வற்றிவிடும். சோடியம் இறங்கும், பொட்டாசியம் ஏறும். மூளையடியிலிருந்து, இந்தச் சுரப்பிகளைத் தூண்டும் ஏசிடிஎச் ஓமோன் அளவுக்கு மீறிச் சுரக்க, தோல் கறுக்கும். நம் நிறத்தில் அது இலேசில் கண்ணில் படாது. வாயைத் திறந்து ஈறுகளைப் பார்க்க வேண்டும், உள்ளங்கை ரேகைகளைப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் ஒரு சங்கடம். ஸ்டீரொயிட் லிம்போமா கலங்களைக் கொல்லும். களைப்புக்கென்று முன்கூட்டியே பெரிய அளவில் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை கொடுத்தால் கட்டி சுருங்கி, எடுக்கும் துண்டில் இறந்த கலங்களே மிஞ்சலாம். அதற்காக, கோட்டிசோல் இல்லாமல் மயங்கி விழுகிறவருக்கு, கோட்டிசோலின் மருந்து வடிவமான ஐதரோகோட்டிசோனைத் தள்ளிப்போடவும் முடியாது. இரத்தம் எடுத்த கையோடு அதை ஏற்றிவிட்டு, இழையப் பரிசோதனையை விரைவுபடுத்த வேண்டும்.

அப்புறம், மெல்லிய ஊசி போதாது. அது உதிரிக் கலங்களைத்தான் உறிஞ்சும். சி.ரி. வழிகாட்ட, சற்றுத் தடித்த ஊசியால் நூல் போன்ற துண்டுகள் எடுக்கப்படும். ஆய்வுகூடத்தில் அவற்றுக்குச் சாயமேற்றுவார்கள். சிடி20 புரதம் உள்ள கலங்களின் விளிம்பு பழுப்பாகும். பி கல லிம்போமாவுக்கு அது வலுவான சான்று. சிகிச்சையில் கொடுக்கும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்து தேடிப் பிடிப்பதும் இதே சிடி20ஐத்தான்.