ரிமோட் சார்ஜ் ஏறவில்லையா? பேட்டரியைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள்

சுங்கை சிப்புட்டில் எங்கள் பழுதுபார்க்கும் கடைக்கு ரிமோட்டோடு வருகிறவர்கள் வாசலிலேயே சொல்லிவிடுவார்கள்: "பேட்டரி போயிடுச்சு, மாத்திக் குடுங்க." டிவி பாக்ஸ் ரிமோட், குரல் கேட்கும் ரிமோட், கையில் அசைத்தால் திரையில் அம்பு நகரும் ஏர் மவுஸ் என்று சார்ஜ் செய்கிற வகைகள் இப்போது தோட்டத்து வீடுகளிலும் நிறைய. திறந்து பார்த்தால் பல நேரம் பேட்டரி நன்றாகவே இருக்கிறது. வேறெங்கோ கோளாறு. மாற்றுப் பேட்டரி தேடி ஈப்போ வரை ஓடுவதற்கு முன் சிலவற்றை நீங்களே பார்த்துவிடலாம்.

முதலில் கேபிள். எல்பில் தோட்டத்துப் பக்கமிருந்து ஒரு பாட்டி ரிமோட்டையும், பேரனுடைய போன் சார்ஜரையும் சேர்த்தே எடுத்து வந்தார். "தம்பி, ராத்திரி பூரா போட்டு வச்சேன். காலையில ஒரு பட்டன்கூட வேலை செய்யல." சார்ஜரில் குறையில்லை. ஆனால் கேபிளின் இரண்டு முனையும் டைப்-சி. அந்த மாதிரி சார்ஜர், எதிர்ப்பக்கம் ஒரு சாதனம் மாட்டியிருக்கிறது என்று உறுதியானால்தான் 5 வோல்ட்டை விடும். அதைத் தெரிவிக்க ரிமோட்டுக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு இருக்க வேண்டும். மலிவு ரிமோட் செய்பவர்கள் சில சென் மிச்சம் பிடிக்க அவற்றை விட்டுவிடுகிறார்கள். ஒரு முனையில் பழைய அகலமான யூஎஸ்பி உள்ள கேபிளை மாட்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. "இவ்ளோதானா?" என்று பாட்டி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். இவ்வளவுதான்.

பவர் பேங்கில் போட்டாலும் இதே ஏமாற்றம் வரும், காரணம் வேறு. ரிமோட் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால், ஒன்றும் மாட்டவில்லை என்று நினைத்து பல பவர் பேங்குகள் தாமாக அணைந்துவிடும். சுவரில் செருகும் சாதாரண 5 வோல்ட் சார்ஜரே போதும், சிரிம் என்ற மலேசியத் தர முத்திரை உள்ளதாக இருக்கட்டும்.

அடுத்து, தொடுமுனைகள். தாங்கியில் நிறுத்தி வைத்துச் சார்ஜ் செய்யும் வகையில் சின்னச் சின்ன ஊசிமுனைகள் இருக்கும். நம் வீடுகளில் ரிமோட் எங்கே கிடக்கிறது? சாமி மேடைக்குக் கீழே. விபூதித் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் அந்த முனைகளில் ஒரு படலமாகவே படிந்திருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மறுபடி வைத்துப் பாருங்கள். கத்தி முனையால் சுரண்டாதீர்கள். முலாம் போய்விட்டால் துரு சீக்கிரம் பிடிக்கும்.

சார்ஜ் ஏறுகிறது, ஆனால் ஒரே நாளில் தீர்ந்துவிடுகிறது என்றால் பட்டன்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். தேத்தண்ணி சிந்தி ஒரு பட்டன் அமுங்கியபடியே ஒட்டியிருக்கலாம். அப்படியானால் ரிமோட் தூங்கவே தூங்காது. போனின் முன்பக்கக் கேமராவுக்கு நேராக ரிமோட் முனையைக் காட்டினால், எதையும் அமுக்காமலே வெளிச்சம் மினுங்குவது தெரியும். இந்தச் சோதனை அகச்சிவப்பு ரிமோட்டுக்குத்தான். புளூடூத்தில் பேசும் ரிமோட் கேமராவில் ஒன்றும் காட்டாது, அதற்காக அது செத்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

சீலிங் ஃபேன் ரிமோட்டில் ட்ரிப்பிள் ஏ சார்ஜ் பேட்டரி போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். அவை பெரும்பாலும் நிக்கல் வகை, ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான். சாதாரணப் பேட்டரி 1.5 வோல்ட். இந்த வித்தியாசத்தாலேயே சில ரிமோட்டுகள் பேட்டரி குறைந்துவிட்டதாக விளக்கு எரிக்கும். புதியதையும் பழையதையும் ஜோடி சேர்க்காதீர்கள், பலவீனமானது முதலில் காலியாகித் தலைகீழாகச் சார்ஜ் ஆகி வீணாகும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய சாதாரணப் பேட்டரியைச் சார்ஜரில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். கசியும், வெடிக்கவும் கூடும்.

சரி, எல்லாம் பார்த்தும் பலனில்லை என்றால் பேட்டரியேதான். உள்ளே இருப்பது லித்தியம் என்றால் முழுச் சார்ஜில் வோல்ட் அளக்கும் மீட்டர் 4.2 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். இரவு முழுக்கப் போட்டும் 3 வோல்ட்டைத் தாண்டவில்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். ஒன்பது வோல்ட் பேட்டரியை நேரடியாகத் தொட்டு 'உயிர் கொடுக்கும்' வித்தையை யூடியூபில் பார்த்துவிட்டு வருகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ரொம்ப நாள் காலியாகக் கிடந்த லித்தியம் செல்லுக்குள் செம்பு கரைந்து படிந்திருக்கலாம். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் சார்ஜ் ஏறும்போது உள்ளுக்குள் ஷார்ட் ஆகக் கூடும். மாற்று செல் வாங்கும்போது சிவப்பு, கறுப்புக் கம்பி எந்தப் பக்கம் என்று பழையதோடு ஒப்பிடுங்கள். ஒரே மாதிரி பிளக்கில் கம்பிகள் இடம் மாறி வருவது சகஜம். மாற்றி மாட்டினால் ரிமோட் போர்டே போய்விடும்.

ரிமோட்டின் முதுகு லேசாக உப்பியிருந்தால் மேலே சொன்ன எந்தச் சோதனையும் வேண்டாம். சார்ஜைப் பிடுங்குங்கள், அமுக்கவோ குத்தவோ கூடாது. மூடியே திறந்து கொள்ளும் அளவு உப்பிய செல்லை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, மூன்று மாதம் ஓட்டிய வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். நல்ல மனிதர்தான், அதிர்ஷ்டமும் இருந்தது. தகரக் கூரைக்குக் கீழே மதிய வெயிலில், சூடாக இருக்கும் டிவி பாக்ஸின் மேலேயே ரிமோட்டை வைத்துச் சார்ஜ் போடுவது உப்பலைச் சீக்கிரம் வரவழைக்கும். லித்தியத்தை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது.

பழைய பேட்டரியை லயத்துக்குப் பின்னால் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தாதீர்கள். லித்தியம் நெருப்பில் வெடிக்கும், பக்கத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். முனைகளில் டேப் ஒட்டி, தனி டப்பாவில் போட்டு, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். பட்டணத்துக்கு வரும்போது எங்கள் கடையில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வோம், காசு எதுவும் கேட்க மாட்டோம்.